மாங்காய் வரிசையில் இலாகாவுக்கு ஓர் இடம்

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பயிற்சிக் கையேட்டை முழுக்கப் படித்தேன். நல்ல கையேடு. சாலைச் சந்திப்புகளுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மாங்காய் என்ற சொல் எங்கும் இல்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் சாலை வேலை பார்க்கப் போகும் பொறியாளர்களுக்கு இது பெரிய குறை. அதைத் தீர்த்துவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் நீங்கள் கோப்பில் சேர்த்துவிடுவீர்கள். தெலுங்கில் எழுதினால் மேலதிகாரிகள் படித்துவிடுவார்கள். சத்தியவேடு, நகரி பக்கத்திலிருந்து வந்திருக்கும் உங்களில் சிலருக்கு இது வீட்டுப் பேச்சு. அவர்கள் படித்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே ஒரு சந்திப்பு. பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் யாராவது ஆய்வுக்குக் கிளம்புவார்கள். நான்கு வழிச்சாலை, நடுவே தடுப்புச் சுவர், சுவரில் ஒரு திறப்பு. ஊரார் அதைக் கேப்பு என்பார்கள். சாலையின் ஒரு பக்கம் நெசவாளர் காலனிக்குப் போகும் சந்து. அதே பக்கத்தில் சற்றுத் தள்ளி ஒரு மாங்கூழ் தொழிற்சாலை. எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்து நிற்கும். நிற்கும் என்பது மரியாதைக்குச் சொல்வது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுப் போய்விடும். காலனியிலிருந்து ஒரு கூட்டம் பெண்கள் அந்தக் கேப்பு வழியாகச் சாலையைக் கடந்து அதில் ஏறினால்தான் அன்றைய வேலை.

மாவட்டத்தைப் பிரித்த புண்ணியவான்கள் எல்லைக்கோட்டை அந்த இடத்தில்தான் போட்டிருந்தார்கள். தொழிற்சாலை சித்தூர் மாவட்டம், காலனி திருப்பதி மாவட்டம். அடிபட்டவர் எந்த மாவட்டத்தில் விழுந்தார் என்று பார்த்த பிறகுதான் ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு போலீஸ்காரர் என்னிடம் சிரிக்காமல் சொன்னார்.

ஆண்டில் பத்து மாதம் அந்தச் சந்திப்பால் யாருக்கும் தொல்லை கிடையாது. மாங்காய்ப் பருவம் வந்ததும் கூழுக்கான தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் தொழிற்சாலை வாசலிலிருந்து சாலையோரமாக வரிசை கட்டும். வரிசை காலனிச் சந்து வாசலையும் தாண்டி நீளும். முன்பெல்லாம் டிராக்டர்கள் நிற்கத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. புதிய ஆறு வழிச்சாலைக்காக அதைக் கையகப்படுத்தி, வேலி போட்டு, பலகை நட்டு, அதோடு விட்டுவிட்டார்கள். சாலை வரவில்லை, மைதானமும் போயிற்று. வேலிக்குள் ஆடுகள் மேய்ந்தன. டிராக்டர்கள் பழைய சாலைக்கு வந்தன.

டிராக்டர்களின் இடுக்கில் புகுந்து சாலைக்கு வரும் பெண்ணைக் கார்காரனால் பார்க்க முடியாது. அவளாலும் காரைப் பார்க்க முடியாது. ஒரு பருவத்தில் காலனிப் பெண் ஒருத்தி அடிபட்டு இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். நாங்கள் அந்தச் சந்திப்பைச் சீரமைக்க அனுப்பிய கருத்துரு ஒவ்வொன்றும் ஒரே பதிலோடு திரும்பி வந்தது: புதிய ஆறு வழிச்சாலை வர இருப்பதால் பழைய சாலையில் செலவு செய்வது உசிதமல்ல. வராத சாலை ஒன்று இருக்கிற சாலையை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய பருவத்தில் செலவில்லாத ஒரு தீர்வு மேலிருந்து வந்தது. கேப்பை அடைத்துவிடுவது. கான்கிரீட் கட்டைகள் வந்து சாலையோரம் இறங்கின. அடைத்துவிட்டால் அடுத்த கேப்பு வெகுதூரம். பெண்கள் நடந்து சுற்றி வருவதற்குள் பஸ் சத்தியவேடு பக்கம் போய்விடும். பஸ்காரர்களோ காலனிப் பக்கம் திரும்பி வர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். கட்டையைத் தூக்கி வைக்கும் நாளில் அத்தனை பேருக்கும் வேலை போகும்.

அடைப்பதற்கு முன் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பது மரபு. கேட்டுவிட்டு அடைப்பதும் மரபு. பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். இலாகா சார்பில் நான். போலீஸ் சார்பில் ஒரு சர்க்கிள் இன்ஸ்பெக்டர், தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். கடைக்காரர்கள் வேகத்தடை கேட்டார்கள். நெடுஞ்சாலையில் வேகத்தடைக்கு விதி இடம் தராது என்றேன். சிக்னல் கேட்டார்கள். புதுச் சாலை வருகிறதே என்றேன். மைதானம் முழுக்கச் சிரித்தது.

காலனிப் பெண்கள் சார்பில் எழுந்தவள் கஸ்தூரி. செல்போன் பாகங்கள் பூட்டும் வேலை. முந்தைய வருடம் அடிபட்டவள் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி.

“பஸ்ஸு அந்தாண்ட நிக்குது, நாங்க இந்தாண்ட கீறோம். நடுவுல கட்டைய வெச்சி அடைச்சிட்டா பறந்துகினு போவணுமா சார்?”

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். “அம்மா, உனக்கு ப்ராணம் முக்கியமா, உத்யோகம் முக்கியமா?”

“உத்யோகம் போயிட்டா இந்தப் ப்ராணத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஸ்டேஷன்ல வெச்சிக்கிறீங்களா?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கேப்பை அடைப்பதும் திறப்பதும் அல்ல விஷயம், வரிசைதான் என்று எனக்குப் பட்டது. சந்துக்கு நேரே ரெண்டு டிராக்டர் அளவு இடம் விட்டு நின்றால் போதும், கார்காரனுக்கும் பெண்களுக்கும் பார்வை கிடைத்துவிடும் என்றேன். உடனே எழுந்தார் கோதண்டம். புத்தூர்ப் பக்கத்து விவசாயி. மூன்று நாளாக மாங்காயோடு வரிசையில் நின்று, கூட்டத்துக்கு மட்டும் எழுந்து வந்தவர்.

“ரோட்டுலயே துன்னுட்டு ரோட்டுலயே படுத்துக்கினு கீறோம் சார். காய் பழுத்துட்டா கம்பெனிக்காரன் தொடமாட்டான். ஒனக்கு எடம் வேணும்னா சும்மா வந்துடுமா? வரிசையில வந்து நில்லு.”

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. ஆனால் அவர் சொன்னது வெறும் கிண்டல் இல்லை. அந்த வரிசைக்குச் சட்டம் உண்டு. நான் படித்த எந்த விதித்தொகுப்பையும்விடச் சுருக்கமானது. வரிசையில் நிற்பவர் டீசல் வாங்கவோ வீட்டில் சாவு விழுந்தோ டிராக்டரோடு வெளியே போக வேண்டுமென்றால், தன் இடத்தில் ஒரு கல்லை வைத்து அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போகலாம். அந்த இடத்தில் யாரும் நுழைய மாட்டார்கள். வரிசை நகர்ந்தால், பின்னால் நிற்பவர் அந்தக் கல்லையும் துண்டையும் தூக்கிக்கொண்டு போய் முன்னால் வைப்பார். துண்டை எடுத்துவிட்டால் இடம் போயிற்று, மறுபடி வாலிலிருந்துதான். தொழிற்சாலைக்காரர்கள் டோக்கன் முறை கொண்டுவந்து பார்த்தார்கள். டோக்கனை யாரும் நம்பவில்லை. துண்டை எல்லோரும் நம்பினார்கள்.

விதிமுறை தெரிந்தவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும். “சரி கோதண்டம், நிக்கிறேன். கல்லு எங்க வைக்கட்டும்?” என்றேன்.

அவர் கொஞ்சம் தடுமாறினார். “புச்சா வர்றவன் கடைசியிலதான் வைக்கணும்.”

“கடைசியில வெச்சா சந்துக்கு இன்னா பிரயோஜனம்?”

“அது எனக்குத் தெரியாது. நாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

கஸ்தூரி குறுக்கே வந்தாள். “மாமா, ஒண்ணு கேக்கறேன். சந்து மொதல்ல வந்திச்சா, ஒங்க வரிசை மொதல்ல வந்திச்சா?”

கோதண்டம் யோசித்தார். சுற்றி நின்ற டிராக்டர்காரர்களைப் பார்த்தார். “சந்துதான்,” என்றார் கடைசியில். “அது நாயந்தான்.”

சட்டப்படி சந்து எல்லோருக்கும் மூத்தது. அதற்கு இடம் கிடைத்தது. அன்று மாலையே கல் வைத்தோம். என்னிடம் துண்டு இல்லை. கைக்குட்டையை எடுத்தேன். “மூக்கு சிந்தற துணிக்கு எவன் எடம் குடுப்பான்?” என்று கோதண்டம் தன் தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவிப் போட்டார். அவருடைய டிராக்டர் கல்லுக்கு நேர் பின்னால் நின்றது. “நான் பாத்துக்கறேன், நீ போ சார்.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். திருப்பதியிலிருந்து எங்கள் செயற்பொறியாளர் அம்மையார் மறுநாள் காலை வந்து பார்ப்பதாகவும், சந்து வாசல் காலியாக இல்லையென்றால் அப்போதே கட்டைகளைத் தூக்கி வைப்பதாகவும் முடிவாயிற்று. கிரேன்காரருக்கும் சொல்லியாயிற்று. நான் நிம்மதியாகத் தூங்கினேன். பொறியியல் படித்த நானும், சட்டம் படித்த இன்ஸ்பெக்டரும், வரிசையின் சட்டத்தைக் கரைத்துக் குடித்த கோதண்டமும் சேர்ந்து எடுத்த முடிவு அல்லவா?

விடியற்காலையில் போய் இறங்கினேன். சந்து வாசலில் டிராக்டர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. எலிகூடப் புக இடமில்லை. அவற்றுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பைகளோடு பெண்கள்.

“வா சார்,” என்றாள் கஸ்தூரி. “எடத்தத் தேடறியா? அது காட்டாகிட்ட போயிடிச்சி. சீக்கிரம் போனா நீயும் இன்னிக்கே லோடு எறக்கிடலாம்.”

காட்டா என்பது தொழிற்சாலை வாசலில் இருக்கும் எடைமேடை. வரிசையின் மோட்சம். அந்தத் திசையில் பார்த்தேன். தூரத்தில், நெருக்கியடித்து நின்ற டிராக்டர்களுக்கு நடுவே, ரெண்டு டிராக்டர் நிற்கும் அளவுக்கு அழகான வெற்றிடம். நடுவில் கல். கல்லின்மேல் சிவப்புத் துண்டு.

அங்கே ஓடினேன். கோதண்டம் டிராக்டரிலிருந்து இறங்கி வந்தார், முகமெல்லாம் பெருமை.

“ராவெல்லாம் வரிசை நவுந்திக்கினே இருந்திச்சி சார். ஒவ்வொரு தபாவும் நானே கல்லத் தூக்கிக்கினு வந்து வெச்சேன். ஒரு பய பூரல.”

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார். முந்தைய மாலை மைதானத்தில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை: வரிசையில் இடம் என்பது நிலத்தில் இல்லை. அது முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் நடுவே இருக்கிறது. அவர்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். சந்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த இடம் சந்தை விட்டுவிட்டு, ஒழுங்காக, மாங்காய் இறக்கப் போய்விட்டது.

“கோதண்டம், இந்த எடத்துல நீ ஏறி நில்லு. ஒன் பின்னால எல்லாரும் முன்னாடி வரட்டும். அங்க சந்து தெறந்துக்கும்.”

“ஒன் எடத்துல நான் எப்டி பூரது? நாளைக்கி என் எடத்துல ஒருத்தன் பூந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேப்பேன்?”

எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் தொலைவில் கேட்டது. அந்த ஹாரனைக் கேட்டால் பெண்கள் காத்திருக்க மாட்டார்கள். டிராக்டர் இடுக்கில் புகுந்து ஓடுவார்கள். முந்தைய வருடம் அப்படித்தான்.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டும். அதிகாரத்தைக் காட்டி அவரை நகரச் சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். கோதண்டம் நகர்ந்திருப்பார், ஆனால் போலீஸ் சொல்லித் துண்டு போட்ட இடத்தில் ஒருவர் நுழைந்தார் என்று தெரிந்த நிமிஷமே வரிசை முழுக்க அடிதடியாகியிருக்கும். அவருடைய சட்டத்தை உடைக்காமல் வெளியே வர அந்தச் சட்டத்திலேயே ஒரு கதவு இருந்தது.

“அப்ப நான் வரிசைய வுட்டுப் போறேன்,” என்றேன்.

கோதண்டம் அதிர்ந்து போனார். “சார், இன்னா பேச்சு பேசற? காட்டா கண்ணுக்குத் தெரியுது! இத்தினி தூரம் வந்துட்டு…”

“பரவால்ல.”

“இன்னிக்கி மத்தியானத்துக்குள்ள உள்ள போயிடுவ சார்!”

என்னிடம் ஒரு மாங்காய்கூட இல்லை என்பதை அவர் அந்த நேரத்தில் மறந்தே போனார். எனக்காக அவர் உண்மையாகவே வருந்தினார். பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதங்கள் எதையும் நான் இவ்வளவு ஆசையாக நினைத்துப் பார்த்ததில்லை.

துண்டை எடுத்து உதறி, எல்லோரும் பார்க்கத் தோளில் போட்டுக்கொண்டேன். கல்லை உருட்டிச் சாலைக்கு வெளியே தள்ளினேன். கோதண்டம் பெருமூச்சோடு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அவர் பின்னால் ஒவ்வொன்றாக எஞ்சின்கள் உயிர்பெற்றன. அந்த அசைவு வரிசை நெடுகப் பின்னோக்கிப் போக, நானும் அதோடு சந்து வாசலை நோக்கி ஓடினேன். ஓய்வுக்கு ஓராண்டு பாக்கியிருந்த உடம்பு. அதற்கு முன் கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை.

சந்து வாசலை அடைத்து நின்ற டிராக்டர்கள் முன்னே போயின. வெளிச்சம் திறந்தது. உடனே, அடுத்து நின்ற நாராயணவனத்துக்காரர் ஒருவர் அந்த இடத்தை நிரப்ப வண்டியை உருட்டினார். கஸ்தூரி போய் முன்னால் நின்றுகொண்டாள்.

“அங்கயே நில்லுங்கண்ணா.”

“நவுரும்மா! நான் நின்னா சந்துலேர்ந்து எவனாச்சும் பூந்துடுவான். என் எடம் போயிடும்.”

பொய் இல்லை. காலனிக்குப் பின்னால் தோப்புகள் உண்டு. அங்கிருந்து வந்த ஒரு டிராக்டர் பெண்களுக்குப் பின்னால் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. “அண்ணா, முன்னாடி போனவங்களுக்கு அடுத்து யாரு?”

“நான்தான்.”

“அப்ப இந்தக் காலி எடத்துல எவன் வந்தாலும் யாருக்கு முன்னாடி பூந்தவன்?”

“எனக்குத்தான்!”

“அப்ப யாரு பாத்துக்கணும்?”

அவர் என்னைப் பார்த்தார். காலி இடத்தைப் பார்த்தார். தோப்பு டிராக்டரைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, சந்து வாசலின் நடுவில் நின்று கையை நீட்டினார். “ஏய், எவனாச்சும் டயர வெச்சீங்க, காத்தப் புடுங்கிடுவேன்!” முன்னால் இடம் விழுந்தால் ஒரே மூச்சில் சந்தைத் தாண்டி நிற்பது, அதுவரை இந்தப் பக்கமே நிற்பது என்று அங்கேயே ஒத்துக்கொண்டார். அவர் தாண்டிப் போனதும் அடுத்தவர் அந்தக் காவலுக்கு வந்தார். அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெண்கள் சாலை ஓரம் வரை வந்தார்கள். நின்றார்கள். இரண்டு பக்கமும் பார்த்தார்கள், பார்க்க முடிந்தது. நகரிப் பக்கமிருந்து வந்த ஒரு கார் தூரத்திலேயே அவர்களைக் கண்டு வேகம் குறைத்தது. கடந்து போய் ஏறினார்கள். கஸ்தூரி கடைசியாக ஏறி, படியிலிருந்து என் தோளைக் காட்டி ஏதோ கத்தினாள். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. பெண்கள் எல்லாரும் சிரித்தது மட்டும் தெரிந்தது.

செயற்பொறியாளர் அம்மையாரின் ஜீப் அப்போதுதான் வந்தது. என்னைவிட வயதில் இளையவர், கறாரானவர். சந்தைப் பார்த்தார், கேப்பைப் பார்த்தார், வியர்த்து நின்ற என்னைப் பார்த்தார்.

“ஏமண்டி, ஈ துண்டு ஏமிடி?” தோளில் இது என்ன துண்டு என்று கேட்டார்.

“வரிசையிலிருந்து ராஜினாமா செய்தேன் மேடம்.”

அவர் மேலே கேட்கவில்லை. சந்து வாசலில் கையை நீட்டி நின்றவரைக் காட்டி, யார் இவரைப் பணியமர்த்தினார்கள் என்று கேட்டார். “மாங்காய்,” என்றேன். நெடுநேரம் அங்கேயே நின்று பார்த்தார். தோப்பு டிராக்டர்காரர் திட்டு வாங்கிக்கொண்டு வாலுக்குப் போவதைப் பார்த்தபோது அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு தெலுங்கில், இதெல்லாம் சரி, அடைக்கச் சொல்லி வந்த உத்தரவுக்கு நான் என்ன பதில் எழுதுவது என்றார்.

அதற்கு நான் இரவே பதில் யோசித்து வைத்திருந்தேன். அத்தனை வருடம் எங்களை மடக்கிய அதே வாக்கியம். “புதிய ஆறு வழிச்சாலை வர இருப்பதால், பழைய சாலையின் திறப்பை இப்போது மாற்றுவது உசிதமல்ல, புதிய சாலை முடிந்ததும் பரிசீலிக்கலாம்.” அம்மையார் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்திட்டார். மேலே இருப்பவர்களால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் சாலை வராது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கான்கிரீட் கட்டைகள் இன்னும் சாலையோரம் கிடக்கின்றன. மாலையில் ஊரார் உட்கார்ந்து பேச வசதியாக இருக்கிறதாம். ஆறு வழிச்சாலைக்குத் தூண்கள் எழும்பியிருக்கின்றன. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே இன்னும் வானம்தான். துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கோதண்டம் வாங்க மறுத்துவிட்டார். “வரிசைய வுட்டு எடுத்த துண்டு சார் அது. அதப் போட்டுக்கினு நான் நின்னா எனக்கு எடம் கெடைக்குமா? ஒங்க இலாகாவே வெச்சிக்கட்டும்.” என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இலாகாச் சொத்துப் பட்டியலில் ஏற்றவில்லை.

கதைக்கு நீதி என்ன என்று கேட்பீர்கள். ஒரு விதியை யாரிடம் ஒப்படைப்பது என்று திகைத்தால், அது மீறப்படும்போது யாருக்கு முதலில் நஷ்டமோ அவரிடம் கொடுங்கள். சம்பளம் கேட்க மாட்டார், விடுப்பு எடுக்க மாட்டார். இதைக் கையேட்டில் சேர்க்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன். புதுச் சாலை வந்ததும் பரிசீலிப்பார்களாம்.

வரும் பருவத்தில் அந்தச் சந்திப்பு உங்கள் பொறுப்பில் வரும். ஆய்வுக்குக் கருவி எதுவும் வேண்டாம். விடியற்காலையில் ஜீப்பில் போய், சந்து வாசலின் காலி இடத்தில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பின்னால் நிற்கும் முதல் டிராக்டர்காரர் இறங்கி வந்து, நீங்கள் எந்த இலாகா என்றும் பாராமல், உங்கள் பாட்டன் முப்பாட்டனையெல்லாம் இழுத்துத் திட்டுவார். முழுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டியை எடுத்துவிட்டு, சந்திப்பு நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள்.